ஒன்றேகால் மடங்கு

அம்பத்தூரில் வளர்ந்தவர்களுக்கு சைக்கிள் என்றால் டி.ஐ. சைக்கிள்ஸ்தான். 1949இல் ஆரம்பித்த தொழிற்சாலை. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் எங்கள் ஊர்ச் சரக்கு என்ற பெருமை எங்களுக்கு உண்டு. எம்.டி.எச். ரோட்டில் ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்று பாருங்கள். குழந்தைகள் சைக்கிள்களைச் சக்கர அளவுப்படி வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள்: 12 அங்குலம், 16, 20, 24. (நடுவில் 14ம் கிடைக்கும், அதை இப்போதைக்கு விடுங்கள்.) ஒவ்வொன்றையும் முந்தையதால் வகுத்தால் 1.33, 1.25, 1.2. சுமாராக ஒன்றேகால் மடங்கு.

இப்போது சமையலறைக்கு வாருங்கள். பாட்டி காலத்து படி, உரி, உழக்கு, ஆழாக்கு. ஒரு படிக்கு இரண்டு உரி, ஓர் உரிக்கு இரண்டு உழக்கு, ஓர் உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. கொள்ளளவு ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிறது. ஒரே வடிவத்தில் செய்த பாத்திரம் இருமடங்கு கொள்ள வேண்டுமென்றால் உயரம் இருமடங்காக வேண்டியதில்லை. இரண்டின் கனமூலம் போதும். அது 1.26. மறுபடியும் ஒன்றேகால்.

இந்த எண்ணை வைத்து இருபது வருடத்துக்கும் மேலாக உயிரியலாளர்கள் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டை எனக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான். ஆனால் அதில் கிடந்த கேள்வி என் வேலையில், என் அலுவலகத்தில், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஜி. ஈவ்லின் ஹட்சின்சன் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த சூழலியலாளர். 1932இல் யேல் அனுப்பிய குழுவோடு லடாக் வரை வந்து உயர்மலை ஏரிகளை ஆராய்ந்த மனிதர். சிசிலித் தீவில் பலெர்மோ நகரத்துக்கு மேலே ஒரு மலை. அங்கே புனித ரொசாலியாவின் குகைக் கோயில். அதன் கீழே இருந்த ஒரு சின்னக் குட்டையில் இரண்டு வகை நீர்ப்பூச்சிகளைப் பார்த்தார், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. ஏன் இரண்டு? ஏன் இருபதோ இருநூறோ இல்லை? இந்தக் கேள்வியைத்தான் 1959இல் வெளிவந்த 'சாண்டா ரொசாலியாவுக்கு அஞ்சலி' என்ற கட்டுரையில் விரித்தார். ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரை தின்னும் நெருங்கிய இனங்களை எடுத்து, பறவையென்றால் அலகையும் பாலூட்டியென்றால் மண்டையோட்டையும் அளந்து, பெரியதைச் சிறியதால் வகுத்தார். 1.1 முதல் 1.4 வரை வந்தது. சராசரி 1.28.

அவர் சொன்ன விளக்கம் அழகானது. ரொம்பவும் ஒத்த அளவில் இரண்டு இனங்கள் இருந்தால் இரைக்காக மோதிக்கொண்டு ஒன்று அழியும். சேர்ந்து வாழக் குறைந்தபட்ச இடைவெளி ஒன்று தேவை. அது ஏறக்குறைய 1.3 ஆக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் தயக்கத்தோடு சொன்னார். அடுத்து வந்தவர்கள் தயக்கத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பல்லிகளில் 1.3, பறவைகளில் 1.3 என்று எங்கே பார்த்தாலும் போட்டியின் கைரேகை தெரிய ஆரம்பித்தது.

1977இல் ஹென்றி ஹார்ன், ராபர்ட் மே என்ற இருவர் ஒரு குறும்பு செய்தார்கள். ரெக்கார்டர் என்கிற ஐரோப்பியப் புல்லாங்குழல், இரும்பு வாணலி, குழந்தைகளின் சைக்கிள் என்று கடைப்பொருட்களின் அளவு வரிசையை எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே விகிதம். அதைப் படித்தபோது எம்.டி.எச். ரோட்டுக் கடை வாசல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே சாய்ந்து நிற்கும் பதினாறு அங்குலம் இருபது அங்குலத்தோடு இரைக்காகவா போட்டி போடுகிறது?

இஞ்சினியரிங் படித்தவனுக்கு இதில் இன்னொரு சிரிப்பு இருக்கிறது. 1870களில் சார்ல் ரெனார் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், பலூன்களுக்கு வாங்கிக்கொண்டிருந்த நானூற்றுச் சொச்ச வகைக் கயிறுகளைப் பதினேழாகக் குறைத்தார் என்பார்கள். பெருக்குத் தொடராக அளவுகளை அமைத்தது அவர் உபாயம். பத்து எட்டில் பத்து மடங்காகும் தொடரில் ஒரு எட்டு 1.26. இன்றும் மெஷின் டிசைன் பாடத்தில் வருகிற தொடர் அது. அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், ஆனால் எஸ்டேட் முழுக்க அந்தத் தொடரில்தான் ஓடியது.

ஆக ஒரே எண்ணுக்கு நாலு கதை. இரைப்போட்டி ஒன்று, இரட்டிப்புக் கணக்கு இன்னொன்று, சரக்குகளைக் குறைக்க நினைத்த பொறியாளர் மூன்றாவது. நாலாவதுதான் வில்லங்கமானது: காரணமே இல்லை, சும்மா அப்படி அமைந்தது.

அந்த நாலாவதைக் கையில் எடுத்தவர் டேனியல் சிம்பர்லாஃப். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த அவரும் சகாக்களும் 1979 முதல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் பார்த்த விகிதம் தற்செயலாக வரக்கூடியதிலிருந்து வேறுபடுகிறதா? சோதித்தீர்களா? 1981இல் சிம்பர்லாஃபும் வில்லியம் போக்லனும் 'சாண்டா ரொசாலியா மறுபரிசீலனை' என்று கட்டுரை எழுதி, அதுவரை வந்த விகிதக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். பெரும்பாலானவை தேறவில்லை. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1984இல் தாமஸ் ஷோனர், உலகம் முழுக்கப் பறவைகளை வேட்டையாடும் வல்லூறு இனங்களைத் தொகுத்து, அங்கே தற்செயலைவிட இடைவெளி அதிகம் என்று காட்டினார்.

'தற்செயல்' என்ற எதிராளிக்குப் புள்ளியியலில் பெயர் நல் ஹைபாதிஸிஸ். அது ஏதோ நல்ல ஹைபாதிஸிஸ் என்று செமஸ்டர் முடிகிறவரை நம்பிய நண்பன் ஒருவன் எனக்கு இருந்தான். தமிழில் இன்மைக் கருதுகோள் என்று வைத்துக்கொள்வோம். 'ஒன்றும் இல்லை' என்பதையே ஒரு கட்சியாக நிறுத்தி, தரவால் அதைத் தோற்கடிக்க முடிகிறதா என்று பார்ப்பது. இருபதில் ஒரு தடவைக்கும் குறைவாகவே தற்செயலால் இப்படி வரும் என்றால் தோற்கடித்ததாகக் கணக்கு. அந்த இருபதில் ஒன்று, 1925இல் ரொனால்ட் ஃபிஷர் தன் புத்தகத்தில் வசதிக்காகச் சொன்ன எல்லை. அது இயற்கை விதி கிடையாது.

எனக்கு இதைப் படித்து மட்டும் விட மனசு வரவில்லை. எங்கள் பக்கத்து ஏரிகளில், அம்பத்தூர், கொரட்டூர், ஆவடியில் பருத்திப்பட்டு, பூந்தமல்லி தாண்டிப் போனால் செம்பரம்பாக்கம், எங்கேயும் நீர்க்காகத்துக்குப் பஞ்சமில்லை. பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது மூன்று வகை. சின்ன நீர்க்காகம் கையேடுகளின்படி சுமார் 51 செ.மீ., இந்திய நீர்க்காகம் சுமார் 63, பெரிய நீர்க்காகம் 80 முதல் 100 வரை. மூன்றுக்கும் மீன்தான் சாப்பாடு. ஹட்சின்சன் அளந்தது அலகை, நான் எடுத்துக்கொண்டது உடல் நீளத்தை. ஞாயிற்றுக்கிழமைக் கணக்குக்கு இது போதும். 63ஐ 51ஆல் வகுத்தால் 1.24. 80ஐ 63ஆல் வகுத்தால் 1.27. பார்த்ததும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்தது.

சரி, தற்செயலோடு மோதவிடுவோம் என்று பைதானில் நாலு வரி எழுதினேன். மூன்று நீளங்களைக் குருட்டாம்போக்கில் எடு (விகிதத்தைப் பற்றிய கேள்வி என்பதால் மடக்கை அளவில் சீராக). இரண்டு விகிதமும் ஹட்சின்சனின் 1.1க்கும் 1.4க்கும் இடையில் விழுகிறதா பார். லட்சம் தடவை திரும்பச் செய். உடனே நிரல் என்னிடம் திருப்பிக் கேட்டது: எதற்கும் எதற்கும் நடுவில் எடுக்கட்டும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மிகப் பெரியது மிகச் சிறியதைப்போல் இரண்டு மடங்குக்குள் இருக்கலாம் என்று எல்லை வைத்தால், தற்செயலாகவே 27 சதவீதம் தடவை ஹட்சின்சன் விகிதம் வந்துவிடுகிறது. மூன்று மடங்கு என்றால் 18 சதவீதம். பத்து மடங்கு என்றால் 5. இருபது மடங்கு வரை விட்டால் 3. பறவை அதே பறவை, விகிதம் அதே விகிதம். நீர்க்காகம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கக்கூடும் என்று நான் கற்பனை செய்கிறேனோ அதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. அந்தக் கற்பனையைப் புள்ளியியல் எனக்குக் கொடுக்காது. அது முங்கி மீன் பிடிக்கும் உடலைப் பற்றிய அறிவு, அதை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

எல்லையையே சாராத கேள்வி ஒன்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு இடைவெளிகளும் இவ்வளவு சமமாக அமைவது எவ்வளவு அபூர்வம்? பெரிய நீர்க்காகத்துக்கு 80 செ.மீ. என்று போட்டால் விடை 6 சதவீதம். ஃபிஷரின் கோட்டைத் தொட்டும் தொடாமலும் தோற்கிறது. 79 என்று போட்டால் 3 சதவீதம், வெற்றி. கையேடு சொல்லும் வீச்சின் நடுவில் 90 என்று போட்டால் 26 சதவீதம், கேட்கவே வேண்டாம். இயற்கையின் ஒழுங்கு ஒரு செ.மீ. வால் இறகில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இதில் சிம்பர்லாஃப் மேல் மரியாதை கூடத்தான் செய்தது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு கதையை நம்பாதே என்கிறார். அதைவிட நேர்மையான அறிவுரையை அறிவியலில் நான் பார்த்ததில்லை. நம்மைச் சுற்றி எண் ஜோதிடத்தில் பெயரெழுத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் அவருடைய கேள்வியை மற்றவர்கள் பயன்படுத்தும்போது ஒன்று நழுவிவிடுகிறது. 'தற்செயல்' என்பது வெற்றிடம் கிடையாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கட்டிய மாதிரி அது. எந்த இனங்களைப் பட்டியலில் சேர்ப்பது, எந்த எல்லைக்குள் எடுப்பது, எதை அசைக்காமல் வைத்துக்கொண்டு எதைக் குலுக்குவது என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவு. அதை எடுத்தவருக்கு அதில் பொறுப்பு உண்டு. 1984இல் ராபர்ட் கோல்வெல்லும் டேவிட் விங்க்லரும் இதில் ஒரு பொறியைக் காட்டினார்கள், நார்சிசஸ் விளைவு என்று பெயர் வைத்து. குலுக்குவதற்கு நீங்கள் எடுக்கும் தொகுப்பே ஏற்கெனவே போட்டியில் தப்பிப் பிழைத்த இனங்களின் தொகுப்பு. தோற்றவை அதில் இல்லவே இல்லை. அந்தத் தொகுப்பிலிருந்து தற்செயலை உருவாக்கி அதோடு ஒப்பிட்டால், போட்டியைப் போட்டியோடு ஒப்பிட்டுவிட்டு வித்தியாசமே இல்லை என்கிறீர்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். குழுவில் 22 பேர், அதில் 6 பேர் பெண்கள். அந்த வருடம் நான்கு பதவி உயர்வு. நான்கும் ஆண்களுக்கு. குழுவில் மூத்தவர் ஒருவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், சாப்பாட்டு மேசையில் சத்தமில்லாமல் கேட்டார்: "ஏம்பா, இது தானா நடக்கிறதா, யாராச்சும் நடத்துறாங்களா?" ஹட்சின்சன் குட்டையோரம் நின்று கேட்டதும் கிட்டத்தட்ட இதுதானே.

பேச்சு மேலே போயிருக்க வேண்டும். மேனேஜரே என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் டேட்டா ஆளாச்சே, பார்த்துச் சொல்லுங்க" என்றார். கணக்கு ஐந்து நிமிட வேலை. 22 பேரில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு பேரை எடுத்தால் நான்கும் ஆணாக இருக்க வாய்ப்பு 25 சதவீதம். நான்கில் ஒன்று. எந்தச் சோதனையிலும் இது தேறாது. ஆனால் அறிக்கையில் இன்னொரு வாக்கியமும் எழுதினேன். 6 பெண்கள், 4 இடம் என்கிற கணக்கில் பெண்களுக்கு நடக்கக்கூடிய ஆக மோசமான விளைவே இதுதான். அதற்கே 25 சதவீதம் என்றால், மேலே இருப்பவர் வேண்டுமென்றே ஒரு பெண்ணுக்கும் கொடுக்கக்கூடாது என்று முடிவுகட்டி உட்கார்ந்திருந்தாலும் இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்க இதற்குச் சக்தியே இல்லை. மூன்று நீர்க்காகத்தை வைத்துக்கொண்டு போட்டிக்கொள்கையைத் தீர்ப்பளிப்பது போலத்தான்.

ஒருவரும் அநியாயம் செய்தார்கள் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது, இந்த எண்களை மட்டும் வைத்து யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கூட்டத்தில் திரையில் வந்தது முதல் வாக்கியம் மட்டும். இரண்டாவதைக் காணோம். கேட்டால், "சிக்னிஃபிகன்ட் இல்லன்னு நீங்களே போட்டிருக்கீங்களே சார், அப்புறம் என்ன?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே அவருக்கு நிம்மதி. 'வேறுபாடு இருப்பதாகக் காட்ட முடியவில்லை' என்பது ஒரு மின்னஞ்சலைத் தாண்டுவதற்குள் 'வேறுபாடு இல்லை' ஆகி, அடுத்த மின்னஞ்சலில் 'நியாயமாக நடந்தது நிரூபணமாகிவிட்டது' ஆனது. அக்கா எதுவும் சொல்லவில்லை. நிரூபிக்க வேண்டிய சுமை அவர் தலையில். நிரூபிக்கத் தேவையான எண்ணிக்கையோ அவரிடம் இருக்க வழியே இல்லை. எத்தனை பெண்களை வேலைக்கு எடுப்பது என்று தீர்மானித்தவர்கள், ஒரு வகையில், சோதனையின் சக்தியையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டார்கள். அந்த 22 பேரே ஏற்கெனவே வடிகட்டிய தொகுப்பு என்று கோல்வெல்லும் விங்க்லரும் இருந்திருந்தால் நினைவூட்டியிருப்பார்கள்.

இதில் அறம் சார்ந்த கேள்வி என்னவென்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்லும் முன், இருந்திருந்தால் என் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்வது அறிவியல் ஒழுக்கம் மட்டும்தானா? அப்படிக் கேட்காமல் விடுவதால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது அநேகமாக முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நீர்க்காகத்துக்கு என் தீர்ப்பால் ஒன்றும் ஆகாது, அது மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் குழுவில் நிலைமை அப்படியில்லை. பதவி உயர்வென்றால் சம்பளம், சம்பளமென்றால் ஆவடியில் வாங்கிய ஃபிளாட்டின் இ.எம்.ஐ., பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். ஒரே சோதனைக் கருவி, ஒரே 5 சதவீதக் கோடு. தவறினால் விலை கொடுப்பவர் மட்டும் வேறு ஆள். கோட்டை எங்கே போடுவது என்பதில் அந்த விலையும் கலந்திருக்கிறது, அதைக் கணிதம் மாதிரி பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

உயிரியலில் சண்டை ஓய்ந்த விதமும் சுவாரசியமானது. யாரும் இன்னும் நல்ல பகடையைக் கண்டுபிடித்து ஜெயிக்கவில்லை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் காலாபகஸில் டாஃப்னே மேஜர் என்ற பொட்டல் தீவுக்கு வருடா வருடம் போனார்கள். குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டார்கள். 1977இல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்துபோக, கெட்டி விதையை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகள் பிழைத்தன. நடுத்தரத் தரைக்குருவியின் சராசரி அலகு பெரிதானது. 1982 வாக்கில் அதைவிடப் பெரிய குருவி இனம் ஒன்று அந்தத் தீவில் குடியேறியது. 2003-04இல் மறுபடி வறட்சி. இந்தத் தடவை கெட்டி விதைகளைப் புது ஆள் தின்று தீர்த்துவிட்டான். நடுத்தரக் குருவியில் பெரிய அலகு கொண்டவை செத்தன, சிறிய அலகு கொண்டவை தப்பின. அதே தீவு, அதே குருவி, அதே வறட்சி. போட்டியாளன் இல்லாதபோது ஒரு திசை, இருந்தபோது எதிர்த்திசை. 2006இல் இதை வெளியிட்டார்கள். ஹட்சின்சன் ஊகித்த விலகல் கண்ணெதிரே நடந்தது. 1.3 என்ற மாய எண்ணுக்கு அதில் வேலையே இருக்கவில்லை.

சிம்பர்லாஃபுக்கும் இந்த வழி புதிதல்ல. இளவயதில் இ. ஓ. வில்சனோடு சேர்ந்து ஃப்ளோரிடாவில் சின்னச் சின்ன அலையாத்தித் தீவுகளைக் கூடாரம்போட்டு மூடி, புகையடித்துப் பூச்சிகளை எல்லாம் அகற்றிவிட்டு, எது எப்போது திரும்பி வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

நானும் எண்ணக் கேட்டேன். கணக்கு சுலபமானது. இதே மாதிரி எண்ணிக்கை இருந்து, இதே மாதிரி இரண்டு வருடம் ஒரு பெண்கூட வரவில்லை என்றால் தற்செயல் 6 சதவீதத்துக்கு இறங்கும். மூன்று வருடமென்றால் ஒன்றரை சதவீதம். நடுவில் ஏதாவது ஒரு வருடம் நான்கில் இரண்டு பெண்கள் வந்திருந்தால் சந்தேகமே கரைந்துபோகும், அதுவும் எல்லோருக்கும் நல்லதுதான். ஐந்து வருடப் பட்டியல் வேண்டும், பெயர்கூட வேண்டாம், ஆணா பெண்ணா என்ற ஒரு பத்தி போதும் என்று மனிதவளத் துறைக்கு எழுதினேன். அது ரகசியத் தகவல் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த ஏப்ரலில் அக்கா வேறு கம்பெனிக்குப் போனார், குழுவில் 21 பேர் ஆனோம், 5 பெண்கள்.